ஃப்ரீ கியர்

பினாங்குக்குப் போய் வந்தவர்கள் மலை ரயிலைச் சொல்வார்கள், கோயிலைச் சொல்வார்கள். நான் ஒரு மாதம் இருந்தேன், இரண்டையும் பார்க்கவில்லை. ஒரு பழைய காரின் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு வந்தேன்.

விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஏதோ கேட்டார். உள்ளூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிறவள் நான். மகளின் ஆஸ்பத்திரிக் காகிதத்தை நீட்டினேன். அதைப் படித்ததும் அவர் முகம் இளகிவிட்டது. ஒரு விரலைக் காட்டி, "சத்து புலான், மக்சிக்" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லி முத்திரை குத்தினார்.

வெளியே மருமகன் ராஜன் காத்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். அதிகாரி சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்; விளக்கினார். "சத்துன்னா ஒண்ணு, புலான்னா மாசம், மக்சிக்னா அத்தை. ஒரு மாசம் தங்கலாம்னு சொல்லியிருக்கான், அத்தே."

சத்துமாவு சத்து என்று மனதில் முடிந்துகொண்டேன். அந்த ஊர்ப் பேச்சில் நான் கற்றது அந்த ஒரு சொல்தான். அது போதாதா என்றால், போதும், அதிகமாகவே போய்விட்டது.

என் மகள் சுமதி நாமக்கல்லில் பிறந்து, ஏழு வருடத்துக்கு முன் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள். மாப்பிள்ளைக்குப் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. குடியிருப்பது பாயா தெருபோங்கில், மலையை ஒட்டிய பதினாறு மாடி ஃபிளாட்டில். பதினோராவது மாடிக் கதவைத் திறந்ததும் கட்டிலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். போர்வைக்கு அடியில் ஒரு பாதம் மேடாகத் தெரிந்தது. இன்னொரு பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. வலது கால், முழங்காலுக்குக் கீழே இல்லை.

"சாப்டியாம்மா?" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை. நானும் அழாமல் சமையற்கட்டுக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

நடந்தது இது. நான் வருவதற்கு மூன்று வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை மத்தியானம், இருவரும் மார்க்கெட் போய்த் திரும்பினார்கள். மாப்பிள்ளை காரை லிஃப்டுக்கு எதிரே உள்ள சரிவில் நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, அரிசி மூட்டையைத் தோளில் வைத்து நடந்தார். சுமதி பின்கதவைத் திறந்து காய்கறிப் பையை இழுத்துக்கொண்டிருந்தாள். கார் தானாகப் பின்னால் உருண்டு, அவளைத் தூணோடு சேர்த்து அழுத்தியது.

அது ஜீப் மாதிரி உயரமான கார். பதினெட்டு வருடப் பழசு. கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றுகிற வண்டி இல்லை, தானாக மாறுவது. நிறுத்தும்போது குச்சியை 'பி' என்ற எழுத்துக்குத் தள்ளிவிட்டால் வண்டி நகராதாம். அதை நம்பி அவர் ஹேண்ட்பிரேக் இழுப்பதில்லையாம். 'என்' என்ற எழுத்தில் வைத்தால் யார் தள்ளினாலும் ஓடும். நம் ஊரில் நியூட்ரல் என்போம். அங்கே அதற்கு ஃப்ரீ கியர் என்று பெயர்.

"பி-லதான் போட்டேன்" என்கிறார் மாப்பிள்ளை. "ஃப்ரீ கியர்ல விட்டுட்டுப் போயிருப்பாரு" என்கிறாள் சுமதி. அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. அவர் பக்கத்தில் நிற்கும்போதே, "அம்மா, மாத்திரை தீந்துபோச்சு, வாங்கிட்டு வரச் சொல்லு" என்பாள். கல்யாணம் ஆனதிலிருந்து மாப்பிள்ளையிடம் நேருக்கு நேராகப் பத்து வார்த்தை பேசியிராத என்னை நடுவில் தந்திக் கம்பி ஆக்கிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் குப்பை கொட்டக் கீழே போனேன். அவள் ஏன் அப்படி நினைக்கிறாள் என்பது அங்கேதான் புரிந்தது. ஃபிளாட்டில் வீடு அதிகம், கார் நிறுத்த இடம் குறைவு. ஒரு வரிசை காருக்குக் குறுக்கே இன்னொரு வரிசையை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் திட்டுவதில்லை. குறுக்கே நிற்கிற காரைக் கையால் தள்ளிவிட்டுத் தன் காரை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதற்காகவே எல்லோரும் ஃப்ரீ கியரில் வைத்து, ஹேண்ட்பிரேக்கும் இழுக்காமல் விட்டுப் போவார்களாம். வேலைக்குப் போகிற ஒரு பெண், தோளில் பையோடு, இடுப்பால் ஒரு இடி இடித்துக் காரை நகர்த்தினாள். எங்கள் ஊரில் அடுத்தவன் வண்டிமேல் கை வைத்தால் பஞ்சாயத்து கூடும்.

"சாவிய எடுத்தப்புறம் ஒரு பட்டனை அமுக்கிக் குச்சிய ஃப்ரீ கியருக்குத் தள்ளணும்மா" என்றாள் சுமதி. "ஏழு வருசமா தினம் ரெண்டு தடவை பண்றாரு. அது அவரு கைக்குத் தெரியும், மனசுக்குத் தெரியாது. சரிவுலயும் அந்தக் கை அதைத்தான் செஞ்சிருக்கும்."

"குச்சி எதுல இருந்துச்சுன்னு யாரும் பாக்கலியா, கண்ணு?"

"பத்துப் பேரு ஓடியாந்து வண்டியத் தள்ளுனாங்க. போலீஸு வர்றப்போ ஃப்ரீ கியர்ல இருந்துச்சு. யாரு தொட்டாங்களோ."

எனக்கு வேறொன்று உறுத்தியது. என் வீட்டுக்காரர் இருந்தவரை லாரி ஓட்டியவர். எங்கள் பக்கம் எந்த வண்டி மேட்டில் நின்றாலும், கிளீனர் குதித்துச் சக்கரத்துக்கு ஒரு முட்டுக்கல் வைத்த பிறகுதான் டிரைவர் இறங்குவார். அந்த நிறுத்தத்தில் இருநூறு கார் இருக்கும். ஒரு கல் இல்லை.

அன்று மாலை சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வண்டிய ஜுருங்கற ஊர்ல பெங்கலுக்கு, அதான் ஒர்க்‌ஷாப்புக்கு, கொண்டு போறாரு. நீயும் போ. அவரு வந்து சொல்றத நான் நம்ப மாட்டேன். உன் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. ஃப்ரீ கியர்ல விட்டதுதான்னா, உன்கூடவே ஊருக்கு வந்துடறேன். கியர் மேல தப்புன்னா இருக்கறேன்."

"எனக்கென்ன தெரியும் சாமி, காரப் பத்தி?"

"தெரியாததுனாலதான் போகச் சொல்றேன். உனக்குப் பொய் சொல்லத் தெரியாது."

வெள்ளிக்கிழமை காலையில் இழுவை லாரி வந்தது. ஓட்டியவர் நம்மவர், தொப்பை போட்டவர், ஓயாத வாய். காரின் மேல் மூடியிருந்த படுதாவை விலக்கிவிட்டு, "இந்தக் காடிக்குப் பதினெட்டு வயசாச்சு லா. ஜாதகம் பாத்துக் கட்டிக் குடுத்துடு தம்பி" என்றார். காரை அங்கே காடி என்கிறார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

சங்கிலி போட்டு லாரி மேல் ஏற்றினார்கள். "பி-ல போட்டுட்டு இறங்கு" என்றார் லாரிக்காரர். மாப்பிள்ளை இறங்கியதும் கார் ஒரு முழம் பின்னால் நழுவியது. சங்கிலி இழுத்துப் பிடித்து ஒரு சத்தம். பதினோராவது மாடி ஜன்னல் பக்கம் என் தலை தானாகத் திரும்பியது.

"பி-ல போடச் சொன்னேனே லா."

"போட்டேன் அண்ணே."

"போட்டா எப்படி ஓடும்? தூங்கிட்டே வந்தியா?"

பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பப்பட்டவள் நான். ஆனால் ஆண்கள் வேலை செய்யுமிடத்தை வெறித்துப் பார்ப்பானேன் என்று அந்த நேரம் பார்த்துக் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். குச்சி எந்த எழுத்தில் இருந்தது என்று தெரியாது. இனி யார் என்ன நினைத்தாலும் கண்ணை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

லாரியில் ஒரே ஒரு நீள இருக்கை. லாரிக்காரர், நடுவில் மாப்பிள்ளை, ஓரத்தில் நான். மாப்பிள்ளையின் முழங்கை படாமல் இருக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டேன். கடல்மேல் போட்ட பாலம் முடியவே மாட்டேன் என்றது. பாதிப் பாலத்தில் லாரிக்காரர், "காடிக்கு என்ன நோவு?" என்று கேட்டார். மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்தபடியே இரண்டு வரியில் சொன்னார். அதற்குப் பிறகு லாரிக்காரர் வாய் திறக்கவில்லை. ஜுருவில் எங்களை இறக்கிவிடும்போது மட்டும் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "மனசுல வச்சுக்காதீங்கம்மா" என்றார்.

ஜுருவில் பார்த்த பக்கமெல்லாம் கார்தான். விற்கிற கார், பிரித்த கார், தோல் உரித்த கார். மெக்கானிக்கை அங்கே போமன் என்கிறார்கள். எங்கள் போமன் ஒரு சீனக் கிழவர். என் வயதுதான் இருக்கும். மாப்பிள்ளையும் அவரும் மலாயில் பேசினார்கள். எனக்குத் தமிழில் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை. குற்றம் சாட்டப்பட்டவரே துபாஷியும் ஆனால் என்ன செய்வது? வாயை நம்பாமல் கையைப் பார்த்தேன்.

கிழவர் முதலில் ஒரு நீளக் கம்பியை உருவி, கியர் எண்ணெயை வெள்ளைக் காகிதத்தில் ஒற்றினார். சிவப்பாக இருக்க வேண்டுமாம். கஷாயம் போல் இருந்தது. மோந்து பார்த்துவிட்டு என்னிடமும் நீட்டினார். தீய்ந்த வாடை. "எண்ணெ கெட்டுப்போச்சு. ஆனா அதனால உருளாதுன்னு சொல்றாரு" என்றார் மாப்பிள்ளை. பிறகு கிழவர், கோளாறைக் காட்டுகிற ஒரு சின்னப் பெட்டியை வண்டியில் சொருகினார். அதில் ஒன்றும் வரவில்லை.

அடுத்து ஓட்டுகிற இடத்தில் ஏறி, நான் பார்க்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்துக்கொண்டார். பி, ஆர், என், டி. ஐந்தாம் வகுப்போடு விட்ட இங்கிலீஷில் இந்த நான்கு எழுத்தும் மறக்காமல் இருந்தது என் அதிர்ஷ்டம். குச்சியை 'பி'யில் வைத்துச் சாவியைத் திருகினார். இன்ஜின் முக்கக்கூட இல்லை. 'என்'னுக்கு மாற்றித் திருகினார். உடனே பிடித்துக்கொண்டது.

கிழவர் இன்ஜினை அணைத்தார். இறங்காமல், மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். மாப்பிள்ளை என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் பதில் சொன்னார்.

"சத்து புலான்."

கிழவர் தலையை ஆட்டினார். இரண்டு தடவை.

"என்னங்க கேட்டாரு?" என்றேன்.

"காடி ரொம்பப் பழசுன்னு சொல்றாரு, அத்தே."

சத்து புலான் எனக்குப் புரிந்தது என்று நான் காட்டிக்கொள்ளவில்லை.

காரை மேலே தூக்கினார்கள். கிழவர் 'பி'யில்தான் குச்சி நிற்கிறது என்று எனக்குக் காட்டிவிட்டுத் தூக்கினார். அடியில் போய் நின்று, கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற நீளமான இரும்புத் தண்டைப் பிடித்துத் திருப்பச் சொல்லிக் கையால் காட்டினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திருப்பினேன். எண்ணெய் விட்ட செக்கு மாதிரி வழுக்கிக்கொண்டு சுற்றியது. மேலே குச்சி 'பி' என்கிறது; கீழே பெட்டி ஃப்ரீயாகக் கிடக்கிறது.

விளக்கைப் பிடித்துக் காட்டினார். குச்சியிலிருந்து வருகிற கம்பி, கியர் பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புக் கையில் போய் மாட்டுகிறது. மாட்டுகிற துளையில் மெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்க வேண்டும். அது பொடிந்து, பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது. அதனால் குச்சி முழுத் தூரம் போனாலும் கம்பி முக்கால் தூரம்தான் இழுக்கிறது. கிழவர் அந்தச் சின்னக் கையைத் தன் விரலால் மிச்சத் தூரம் தள்ளினார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பச் சொன்னார். இரண்டு கையாலும் முயன்றேன். தண்டு அசையவில்லை.

இதற்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வளையத்தின் பொடிசுகளைக் கேட்டு வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். மாப்பிள்ளை சுவரைப் பார்த்து நின்றார். தோள் குலுங்கியது. பி-ல போட்டேன், பி-ல போட்டேன் என்று ஒரு மாதமாக ஒருவரும் நம்பாமல் சொல்லிக்கொண்டிருந்தவர். கடைசியில் அவருக்கே நம்பிக்கை போயிருக்கும். கிழவர் எனக்கு ஒரு ஸ்டூலும், பால் இல்லாத ஒரு தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

காரை அங்கேயே விட்டு, வாடகைக் காரில் பட்டர்வொர்த் வந்தோம். ஃபெர்ரி ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நம் பரோட்டாவின் தங்கச்சி. சால்னாவுக்குப் பதில் பருப்பு. மாப்பிள்ளை எதிரில் சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன்.

"எந்த ஊரும்மா?" என்றார் கடைக்காரர்.

"நாமக்கல்லுங்க."

"முட்டை ஊரா? அப்ப இங்க முட்டை ரொட்டி புடிக்காது, சின்னதுன்னுடுவீங்க. எத்தனை நாளைக்கு வந்திருக்கீங்க?"

லிஃப்டில் பார்க்கிற மலாய்க்காரப் பெண்கள் கேட்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகியது. என்னை அறியாமல் ஒரு விரல் தூக்கி, "சத்து புலான்" என்றேன்.

கடைக்காரர், "ஆத்தா மலாய் பேசுதே" என்று சிரித்தார். எனக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தட்டில் சத்தம் நின்றுவிட்டது.

ஃபெர்ரியில் ஓரமாக உட்கார்ந்தோம். எதிரே ஜார்ஜ் டவுன் கட்டடங்கள் மெதுவாகப் பெரிதாகி வந்தன. கடல் சேற்று நிறம். பாதி வழியில் மாப்பிள்ளை பேசினார்.

"அது நடக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசமாவே பி-ல ஸ்டார்ட் ஆகல அத்தே. ஃப்ரீ கியர்ல வச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும். போமன் அதைத்தான் கேட்டாரு. அது நோவுக்கு அடையாளமாம். அப்பவே கொண்டு வந்திருந்தா, அந்த வளையம் பத்து நிமிச வேலையாம்."

நான் கைக்குட்டை முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"பி-ல போட்டேன்னு சொல்லுங்க. வளையத்தைக் காட்டுங்க. அந்த ஒரு மாசத்தை மட்டும் சுமதிகிட்ட சொல்லாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மருமகனிடம் ஏன் எதற்கு என்று கேட்டு வளர்ந்தவள் இல்லை நான். படகு கரையில் முட்டி நின்றது.

வீட்டுக்கு வந்து சுமதியின் கட்டிலில் கைக்குட்டையை அவிழ்த்து வைத்தேன். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அவர் பி-ல போட்டது நிஜம் என்றேன். அவள் கண் நிறைந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று சொல்லித்தானே அனுப்பினாள்? பாதியை மறைத்தால் அது பொய்தானே என்று பட்டது.

"ஆனா ஒரு மாசமாவே அடையாளம் இருந்துச்சாம், கண்ணு. பி-ல ஸ்டார்ட் ஆகாதாம். ஃப்ரீ கியர்ல வச்சு ஸ்டார்ட் பண்ணி ஓட்டியிருக்காரு. சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு."

சுமதி பிளாஸ்டிக் பொடிசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது நான் கண்டுபுடிச்சதும்மா" என்றாள். "ஒரு நாள் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். திரும்புறப்போ ஸ்டார்ட் ஆகல. குச்சிய அங்கயும் இங்கயும் ஆட்டுனேன், ஃப்ரீ கியர்ல புடிச்சுக்கிச்சு. வீட்டுக்கு வந்து அவருகிட்ட பெருமையா சொன்னேன். பெங்கலுக்குக் கொண்டு போறேன்னாரு. எதுக்கு வெட்டியா ஒரு நாள் லீவு, இப்படி வச்சா ஓடுதேன்னு நான்தான் சொன்னேன்."

சமையற்கட்டு வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கோபித்தாலாவது தாங்கியிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டி வெளியே போய்விட்டார்.

அதன்பின் இருந்த நாட்களைப் பற்றி எழுத அதிகமில்லை. காலையில் ஆஸ்பத்திரி, கட்டு மாற்றுவது, சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கப் பழகுவது. அவள் ஊருக்கு வருகிற பேச்சை எடுக்கவில்லை. அவரிடமும் பேசவில்லை. முன்பு கோபத்தில் பேசாமல் இருந்தாள். இப்போது எதனால் என்று எனக்குத் தெரியும். மலாய்க்காரப் பக்கத்து வீட்டம்மா கோழிக்கஞ்சி கொண்டுவந்து தருவார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வோம். ஒரு வாரம் கழித்துப் புது வளையம் போட்ட காரை மாப்பிள்ளை கொண்டுவந்து நிறுத்தினார். சுமதி ஜன்னல் பக்கமே போகவில்லை.

என் ஒரு மாதம் முடிந்தது. விமான நிலையத்துக்கு வாடகைக் கார் கூப்பிடுகிறேன் என்றார் மாப்பிள்ளை. "நம்ம வண்டியிலயே போலாம்னு சொல்லும்மா. நானும் வர்றேன்" என்றாள் சுமதி. நான் சொல்வதற்குள் அவர் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

சக்கர நாற்காலியில் அவளை லிஃப்டில் இறக்கி வெளியே தள்ளி வந்தேன். அதே சரிவு. அதே தூண். தூணில் இடுப்பளவுக்குச் சுண்ணாம்பு புதிதாகப் பூசியிருந்தார்கள். கார் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. பின்கதவு எங்களைப் பார்த்து இருந்தது. நாற்காலி பத்தடி முன்னால் நின்றுவிட்டது. சக்கரத்தைச் சுமதி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கினார். அங்கே நிற்பதா, கிட்டே வருவதா என்று தெரியாமல் நின்றார்.

சுமதி என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்தாள்.

"சக்கரத்துக்குக் கல்லு வச்சீங்களா?"

இரண்டு மாதத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த ஊரில் கல்லுக்கு எங்கே போவது? ஓடிப்போய்ச் செடிப்பாத்தி ஓரத்தில் பதித்திருந்த இரண்டு செங்கல்லைக் கையாலேயே பெயர்த்துக்கொண்டு வந்து, மண்டி போட்டுப் பின்சக்கரங்களுக்கு அடியில் திணித்தார். விரலெல்லாம் மண்.

"வச்சாச்சு."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

அவள் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். நான் நாற்காலியைத் தள்ளினேன்.